பட்டாளத்துத் தாத்தாக்களிடம் கேமராவோடு போகும் முன்

வேலூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தும் ஆசிரியர் கேட்டிருப்பது இது: "எங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் பழைய போர்களில் இருந்த முன்னாள் ராணுவத்தினர் பதினோரு பேரைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். ஒருவர் 1962 சீனப் போரில் இருந்தவர். இரண்டு பேர் 1987-இல் இலங்கைக்குப் போனவர்கள். மீதிப் பேர் 1965, 1971 பாகிஸ்தான் போர்களில் இருந்தவர்கள். ப்ளஸ் ஒன் பிள்ளைகளை வைத்து இவர்கள் சொல்வதை வீடியோவில் பதிய ஆசை. கையில் இருப்பது செல்போன்தான். எங்கே தொடங்குவது, என்ன கேட்பது, எதைக் கேட்கக் கூடாது, எடுத்ததை என்ன செய்வது?"

பத்து வருஷத்துக்கு மேலாகக் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்துவருகிறேன். கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி, சொதப்பிய இடங்களில் கற்றது. அதையும் சேர்த்துச் சொல்வதால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளைகளை ஒரு நாள் வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக்குக் கூட்டிப் போங்கள். வெங்காய மூட்டைக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஓர் ஆங்கிலக் கல்வெட்டு இருக்கும். இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் செதுக்கியிருக்கிறது. அவ்வளவுதான். யார் அந்த 277 பேர், எந்தத் தெருக்காரர்கள், கப்பலில் வாந்தி எடுத்தார்களா, திரும்பி வந்தவர்களை ஊர் எப்படிப் பார்த்தது? ஒன்றும் தெரியாது. கேட்க வேண்டிய காலத்தில் கேட்க ஆளில்லை. உங்கள் மாவட்டம் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய மாவட்டம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிறார்கள். அப்படி இருந்தும் முதல் போரின் ஆட்கள் வெறும் எண்ணிக்கையாகிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போனவர்களிலும் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். 1971-இல் 18 வயதில் போனவர் 1953-இல் பிறந்தவர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேலையை ஒரு நாடு முறையாகச் செய்ததென்றால் அது அமெரிக்கா. விஸ்கான்சின் மாநிலத்து எம்.பி. ரான் கைண்ட், தந்தையர் தினத்தன்று வீட்டுத் தோட்டத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கொரியப் போரில் இருந்த அப்பாவும் இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்த பெரியவர் ஒருவரும் அதுவரை வீட்டில் வாயே திறக்காத கதைகளைப் பேச ஆரம்பித்தார்கள். அவர் ஓடிப்போய் வீடியோ கேமராவை எடுத்து வந்தார், தன் சின்னப் பையன்கள் வளர்ந்த பிறகு பார்க்கட்டும் என்று. அதிலிருந்து பிறந்த யோசனை 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் சட்டமானது. படைவீரர் வரலாற்றுத் திட்டம் என்று அதற்குப் பெயர். வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்ற நூலகத்தில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகள் இருக்கின்றன. நேர்காணல் எடுப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகளும் எடுக்கலாம். பதிவு அரை மணி நேரமாவது இருக்க வேண்டும், வெட்டி ஒட்டாமல் அப்படியே கொடுக்க வேண்டும் என்பது விதி.

அந்தக் கடைசி விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலில் நான் சொல்லப்போவதில் பாதி அதைச் சுற்றித்தான் வரும்.

நம்மிடம் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. 2021-இல் பாதுகாப்பு அமைச்சகம், போர் ஆவணங்களைப் பொதுவாக 25 வருஷத்தில் வெளியிடலாம், போர்களின் வரலாற்றைக் காலத்தோடு எழுதித் தொகுக்கலாம் என்று ஒரு கொள்கையை அறிவித்தது. ஆனால் 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. நினைவுக் குறிப்பு எழுதுபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரிகள், அதுவும் ஆங்கிலத்தில். ஹவில்தார் எழுதுவதில்லை. லங்கரில் சப்பாத்தி சுட்டவர் எழுதுவதில்லை. குண்டு ஏற்றிய லாரியை ராத்திரி விளக்கில்லாமல் ஓட்டியவர் எழுதுவதில்லை. தமிழும் பட்டாளத்து இந்தியும் கலந்து இவர்கள் பேசும் பேச்சு எந்த ஆவணக் காப்பகத்திலும் ஒழுங்காகச் சேரவில்லை. 'சுட்டி' என்று விடுமுறையைச் சொல்வார்கள், 'மோர்ச்சா' என்று பதுங்குகுழியைச் சொல்வார்கள், 'சாப்' இல்லாமல் அதிகாரி பெயர் வராது. அதைத் திருத்தாமல் அப்படியே பதிவு செய்தாலே உங்கள் பிள்ளைகள் புதிதாக ஒன்றைச் செய்துவிட்டார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் தடவை கேமரா இல்லாமல் போங்கள். நீங்களும், பேட்டி எடுக்கப்போகும் இரண்டு பிள்ளைகளும் போதும். பத்துப் பேர் கூட்டமாகப் போனால் ஊர்த் திருவிழா ஆகிவிடும், பெரியவர் மேடைப் பேச்சுக்குத் தயாராகிவிடுவார். அந்த முதல் சந்திப்பில் டிஸ்சார்ஜ் புக்கையும் (படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் பணிப் பதிவேடு) மெடல்களையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நிறையப் பேர் பீரோவுக்குள்ளிருந்து துணியில் சுற்றிய பொட்டலத்தை எடுப்பார்கள். அதை வாசிக்கப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். பூர்வி ஸ்டார் இருந்தால் 1971-இல் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு. சங்க்ராம் மெடல் அந்தச் சமயம் படையில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தது. 1965-க்கு சமர் சேவா ஸ்டார் களத்தில் இருந்தவர்களுக்கு, ரக்‌ஷா மெடல் பொதுவாக. மெடலின் விளிம்பில் பெரும்பாலும் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். "தாத்தா, இது பூர்வி ஸ்டார், அப்போ நீங்க பங்களாதேஷ் பக்கமா?" என்று பதினாறு வயதுப் பெண் கேட்டதும் எழுபத்தைந்து வயதுக்காரர் நிமிர்ந்து உட்காருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டில் பேரப்பிள்ளைகள்கூட அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பழைய கடிதங்கள் இருந்தால் விலாசத்தைப் பாருங்கள். 56 ஏ.பி.ஓ. (ஏ.பி.ஓ. என்பது ராணுவத் தபால் நிலையம்) என்றிருந்தால் டெல்லி வழியாக, அதாவது பெரும்பாலும் வடக்கிலும் மேற்கிலும். 99 ஏ.பி.ஓ. என்றால் கல்கத்தா வழியாகக் கிழக்கே. எங்கே இருக்கிறேன் என்று எழுதக் கூடாத காலத்தில் அந்த இரண்டு எண்கள்தான் வீட்டாருக்குக் கிடைத்த வரைபடம். ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "ஐம்பத்தாறு தொண்ணூத்தொம்பதா மாறுச்சு. சரி, ஆள் எங்கியோ நகர்ந்துட்டாருன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

இந்த முதல் சந்திப்பில் கதையைக் கேட்டுவிடாதீர்கள். கேமரா இல்லாதபோது ஒருமுறை சொல்லிவிட்டால், இரண்டாம் முறை "அதான் அன்னிக்கே சொன்னேனே" என்று சுருக்கிவிடுவார்கள். ஊர், பிறந்த வருஷம், எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம் சேர்ந்தார், எப்போது வந்தார், இவ்வளவு போதும். கதைக்குள் இறங்கினால், "தாத்தா, இதை அப்படியே வைங்க, சனிக்கிழமை சொல்லுங்க" என்று நிறுத்துங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில், ஒரு பக்கத்துக்குள், பெரிய எழுத்தில் இருக்கட்டும். யார் எடுக்கிறார்கள், எங்கே வைப்பார்கள், யார் பார்க்கலாம், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பேட்டி முடிந்ததும் மறுபடி ஒருமுறை கேளுங்கள்: "இதுல எதையாவது வெளியில காட்ட வேண்டாம்னு நினைக்கிறீங்களா?" ஆரம்பத்தில் போட்ட கையெழுத்து, என்ன பேசப்போகிறோம் என்று தெரியாமல் போட்டது. முடிவில் சொல்வதுதான் நிஜமான சம்மதம். உங்கள் பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே என்பதால் அவர்கள் பெற்றோரிடமும் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள், பெரியவர் ஒருவர் எப்போதும் உடன் இருங்கள்.

இப்போது கேமரா. செல்போன் தாராளமாகப் போதும். படம் சுமாராக இருந்தாலும் நாளைக்கு யாராவது பார்ப்பார்கள், ஒலி கேட்கவில்லை என்றால் யாரும் பார்க்கப் போவதில்லை. காசு செலவழிப்பதாக இருந்தால் சட்டையில் குத்தும் மைக் ஒன்று வாங்குங்கள், அப்புறம் ஒரு ஸ்டாண்ட். மின்விசிறியை நிறுத்த வேண்டும். வேலூர் வெயிலில் இதைச் சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வேறு வழியில்லை, அதனால்தான் காலை நேரம். குக்கர் விசில், பக்கத்து வீட்டு மிக்ஸி, ஃப்ரிட்ஜ், கோயில் ஒலிபெருக்கி எல்லாவற்றையும் முன்பே கேட்டு வையுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். எங்கள் முதல் பதிவில், ஒருவர் தன் நண்பர் கண்ணிவெடியில் போனதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது லோன் வேண்டுமா என்று ஒரு கால் வந்து பதிவே நின்றுபோனது.

போனைக் குறுக்காகப் படுக்கவைத்து, அவர் கண் மட்டத்துக்கு வையுங்கள். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் வேண்டாம், முகத்துக்கு எதிரே இருக்கட்டும். கேள்வி கேட்பவர் கேமராவுக்கு ஒட்டிப் பக்கத்தில் உட்கார வேண்டும். மார்புக்கு மேல் மட்டும் எடுக்காதீர்கள், இரண்டு கைகளும் தெரியட்டும். ஏன் கைகள் என்பதைக் கீழே சொல்கிறேன். பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாக இருப்பது சகஜம். கத்திக் கேட்டால் பதிவில் உங்கள் குரல்தான் நிற்கும். கேள்விகளை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டுவது நாங்கள் கண்டுபிடித்த வழி, நன்றாகவே வேலை செய்கிறது.

கேள்விக்கு வருவோம். "போர் எப்படி இருந்தது?" என்று மட்டும் தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பட்டாளத்துக்காரரிடமும் ஒரு தயார்ப் பதில் இருக்கிறது. சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் கூப்பிட்டு மைக் கொடுக்கும்போது சொல்லிச் சொல்லி மெருகேறிய பதில். தேசம், தியாகம், வெற்றி என்று நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். அது பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்கு அடியில் இருப்பதை எடுக்கத்தான் நாம் போகிறோம். ஆள்சேர்ப்புக்கு எந்த ஊருக்குப் போனீர்கள், யாரோடு போனீர்கள், வீட்டில் சொல்லிவிட்டுப் போனீர்களா, மார்பு அளந்தபோது மூச்சை இழுத்துப் பிடித்தீர்களா? வெல்லிங்டனிலோ பெங்களூரிலோ பயிற்சி மையத்தில் முதல் ராத்திரி எப்படித் தூங்கினீர்கள்? இந்தி எப்போது புரிய ஆரம்பித்தது? ரொட்டி எத்தனை நாளில் பழகியது? முதல் சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு மணியார்டர் அனுப்பினீர்கள்? இப்படிச் சின்னதாகக் கேட்டுக்கொண்டே போனால் அவர் அந்த வயதுக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் போரைப் பற்றி நீங்கள் கேட்கவே தேவையில்லை, அவரே போய்ச் சேருவார்.

1962-இல் இருந்தவரிடம் ஆடையைப் பற்றிக் கேளுங்கள். அந்த மலைக்குளிருக்குப் பருத்திச் சட்டையும் கேன்வாஸ் ஷூவுமாக, பழைய 303 துப்பாக்கியோடு ஆட்களை ஏற்றிவிட்டது எல்லாரும் எழுதிவிட்ட விஷயம். ஆனால் காலில் என்ன சுற்றிக்கொண்டார், ராத்திரி யாரோடு ஒரே கம்பளியில் படுத்தார் என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.

இப்போது கைகளின் கதை. எங்கள் மூன்றாவதோ நான்காவதோ பதிவு. 1971-இல் இருந்த ஒரு நாயக், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. மாணவி ஒருத்தி நன்றாகத்தான் கேட்டாள்: "உங்க செக்‌ஷன்ல யார் யாரெல்லாம் இருந்தாங்க தாத்தா?" அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அமைதி. அவளுக்குப் பதற்றம், கேள்வி புரியவில்லை போல என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அவரும் அதற்குப் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த அமைதியில் அவருடைய கட்டைவிரல் ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டு போகிறது. ஒரு செக்‌ஷனில் பத்துப் பேர். அவர் மனசுக்குள் பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஆறாவது ஆளில் நாங்கள் குறுக்கிட்டுவிட்டோம். மறுபடி போய்க் கேட்டோம். "அப்படியா, எண்ணுனேனா?" என்று சிரித்துவிட்டு நாலு பெயர் சொன்னார், அதற்கு மேல் வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே பயிற்சி. கேள்வி கேட்டதும் மனசுக்குள் இருபது எண்ண வேண்டும். இருபது எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்பதை வகுப்பில் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்துச் செய்து பாருங்கள், பத்திலேயே சிரித்துவிடுவார்கள். மூன்றாம் வாரம் பழகிவிடும்.

குறுக்கிடுவதில் இன்னொரு வகை உண்டு, திருத்துவது. படிக்கிற பிள்ளைகள் இதைத்தான் அதிகம் செய்வார்கள். 1971-இல் கிழக்கு முனையில் இருந்த ஒருவர், "நவம்பர்லயே நாங்க உள்ளே போயிட்டோம்" என்று தொடங்கினார். எங்கள் பையன், பாடப்புத்தகம் தலைகீழாகத் தெரிந்தவன், "போர் டிசம்பர் 3 தானே தாத்தா ஆரம்பிச்சது?" என்றான். பெரியவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். "அப்படியா? படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். உண்மை என்னவென்றால் பெரியவர் சொன்னதுதான் சரி. போர் முறைப்படி தொடங்கியது டிசம்பர் 3, டாக்காவில் சரணடைந்தது டிசம்பர் 16. ஆனால் கரீப்பூரில் டாங்கிச் சண்டை நடந்தது நவம்பர் 21. ஹில்லியிலும் நவம்பர் கடைசி வாரத்திலேயே சண்டை மூண்டுவிட்டது. இந்தியப் படை எல்லையைத் தாண்டி, இன்றைய பங்களாதேஷுக்குள் இருந்தது. தேர்வில் டிசம்பர் 3 என்று எழுதினால் மார்க் வரும், அவர் கால் நவம்பர் சேற்றில்தான் நின்றது.

அதற்காக அவர்கள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்றும் இல்லை. தேதி மாறும், ஊர்ப் பெயர் மாறும், கேட்ட கதை பார்த்த கதையாகும். இத்தாலியில் டெர்னி என்ற ஊர். 1949-இல் நேட்டோவுக்கு எதிரான போராட்டத்தில் ஓர் உருக்காலைத் தொழிலாளி போலீஸின் துப்பாக்கிக்குப் பலியானார். அலெஸ்ஸாந்த்ரோ போர்ட்டெல்லி என்ற ஆய்வாளர் பல வருஷம் கழித்து அங்கே போய்க் கேட்டபோது, ஊர்க்காரர்களில் நிறையப் பேர் அது 1953-இல், பெரிய ஆட்குறைப்பை எதிர்த்த கலவரத்தில் நடந்தது என்றே சொன்னார்கள். அவர் அதை நினைவுப் பிழை என்று தள்ளிவிடவில்லை. அந்தச் சாவு எதற்காக இருந்திருந்தால் அர்த்தம் இருக்கும் என்று அந்த ஊர் நினைத்ததோ, அந்த இடத்துக்கு அதை நகர்த்தியிருக்கிறது என்றார். ஆகவே கேமரா ஓடும்போது திருத்தாதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு, பின்னால் எழுத்தில் "இந்தத் தேதி ஆவணங்களோடு பொருந்தவில்லை" என்று ஒரு வரி சேருங்கள். காலத்தை நினைவுக்குக் கொண்டுவர "எந்த வருஷம்?" என்பதைவிட "பெரிய பையன் பிறந்துட்டானா அப்போ?" என்ற கேள்வி நன்றாக வேலை செய்யும்.

பெருமைக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்பவர்களும் வருவார்கள். செகந்தராபாத் கிடங்கில் இருந்தவர் எல்லையில் இருந்ததாகச் சொல்வார். மெடலைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். முகத்துக்கு நேரே காட்டிக்கொடுக்காமல், கிடங்கு வேலையைப் பற்றி ஆர்வமாகக் கேட்டுப் பாருங்கள். எத்தனை வண்டி, எத்தனை ராத்திரி தூங்கவில்லை, எந்தப் பொருள் தட்டுப்பாடு? தன் வேலைக்கும் மதிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் எல்லையிலிருந்து தானாகத் திரும்பி வந்துவிடுவார். எனக்குப் பிடித்த பதிவுகளில் ஒன்று, ஒரு பட்டாலியன் முடிவெட்டுபவருடையது.

கேட்கக் கூடாத கேள்வி என்றால் ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை பேரைச் சுட்டீங்க?" பையன்கள் கட்டாயம் கேட்க நினைப்பார்கள், முன்பே சொல்லிவிடுங்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அழுதால் கேமராவை உடனே நிறுத்திப் பதறாதீர்கள், தண்ணீர் கொடுங்கள், "நிறுத்தலாமா, கொஞ்சம் பொறுத்துப் பேசலாமா?" என்று அவரையே கேளுங்கள். எங்கள் அனுபவத்தில் பெரும்பாலோர் தொடரத்தான் விரும்புவார்கள். போய்விட்டு வந்த மறுநாள் ஒரு போன் போட்டு விசாரியுங்கள். இத்தனை வருஷம் மூடி வைத்ததைத் திறந்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டால், அன்று ராத்திரி தூங்காமல் கிடப்பது அவர்தான். பிள்ளைகளுக்கும் அப்படித்தான், திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து அவர்களைப் பேசவிடுங்கள்.

இலங்கைக்குப் போன இரண்டு பேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இந்திய அமைதிப்படை அங்கே இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். அங்கே இறந்த தமிழ் மக்களின் கணக்கும் துயரமும் தனி. அந்தப் படையில் இருந்த தமிழ்நாட்டுச் சிப்பாய்க்குத் தெருவில் கேட்ட அழுகையும் வசவும் புரிந்தது, பக்கத்தில் நின்ற பஞ்சாபிக்குப் புரியவில்லை. மொழிபெயர்க்கச் சொன்னார்கள், பெயர்த்தார்கள். கடைசிப் படை கப்பலில் சென்னை வந்து இறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தன் சொந்த மக்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்ற உணர்வு அன்று இங்கே பலருக்கு இருந்தது. ஆகவே இந்த இரண்டு பேரும் ஊரில் வாய் திறக்காமல் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் மாணவர்கள் வீட்டிலும் இது பற்றிச் சூடான கருத்து இருக்கும். விவாதம் செய்யப் போகவில்லை என்று பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லுங்கள். "அங்கே தமிழ்ல பேசுனப்போ ஜனங்க என்ன சொன்னாங்க?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு இருபது எண்ணட்டும். இந்த இரண்டு பதிவுகளையும் பேசியவரின் அனுமதி கேட்காமல் யாருக்கும் காட்டாதீர்கள். சில வருஷம் மூடி வைக்கச் சொன்னால் மூடி வையுங்கள். ராணுவ ரகசியம் என்று அவர் தயங்கும் இடத்திலும் வற்புறுத்த வேண்டாம். 1923-இன் அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வுபெற்ற பிறகும் ஆளை விடுவதில்லை.

பேட்டியின்போது வீட்டு அம்மா உள்ளே வந்து டம்ளரை வைத்துவிட்டு நிலைப்படியில் நிற்பார். நின்று கேட்டுக்கொண்டே, "அது அந்த வருஷம் இல்ல, நம்ம மாடு கன்னு போட்ட வருஷம்" என்பார். அவரைத் துரத்திவிடாதீர்கள். இன்னொரு நாள் அவருக்கென்றே கேமரா வையுங்கள். தந்திக்காரர் சைக்கிள் தெருவுக்குள் நுழைந்ததும் எந்த வீட்டு வாசலில் நிற்கப்போகிறதோ என்று பட்டாளத்து வீடுகள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததை ஒரு அம்மா எங்களிடம் ஒன்றேகால் மணி நேரம் சொன்னார். அது இல்லாமல் அந்தப் போர் பாதிதான்.

திரும்பி வந்த பிறகு நடந்ததையும் கேளுங்கள். நிறையப் பேர் டிஸ்சார்ஜ் ஆன தேதியோடு நிறுத்திவிடுவார்கள். ஒருவர், தன் அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெருவில், தான் விடுமுறைக்கு வந்தபோது பட்டாளத்து பூட்ஸோடு நடந்ததைச் சொன்னார். எந்தப் போர்முனைக் கதையைவிடவும் அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் நடுங்கியது.

எடுத்ததை என்ன செய்வது என்று கேட்டீர்கள். முதலில் செய்யக் கூடாதது, வாட்ஸ்அப்பில் அனுப்பி அதையே மூலமாக வைத்துக்கொள்வது. அது அமுக்கிக் கெடுத்துவிடும். ஒரு மணி நேரப் பதிவு போனைப் பொறுத்து 4 முதல் 8 ஜிபி வரை வரும். அன்று மாலையே கேபிளில் கம்ப்யூட்டருக்கு மாற்றி, இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு இணையச் சேமிப்பு என மூன்று இடத்தில் வையுங்கள். மூன்றும் ஒரே பள்ளி பீரோவில் வேண்டாம். கோப்புக்குப் பெயரும் தேதியும் ஊரும் வையுங்கள். பதிவின் தொடக்கத்தில் மாணவரே தேதி, இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் எல்லாம் வாயால் சொல்லிவிட்டால், கோப்புப் பெயர் மாறினாலும் தப்பிக்கும். கேட்டு எழுதுவதற்கு ஒரு மணி நேரப் பதிவுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் ஆகும். பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றாமல், சொன்னபடி எழுதட்டும்.

தலைமையாசிரியர் கண்டிப்பாகக் கேட்பார்: குடியரசு தினத்துக்கு மூன்று நிமிஷ வீடியோ, பின்னணியில் இசையோடு. செய்து கொடுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் அது தனிக் கோப்பு. மூலப் பதிவில் இருமல், கொட்டாவி, தப்பான கேள்வி, இருபது நொடி அமைதி எல்லாம் அப்படியே இருக்கட்டும். நாளைக்கு வரப்போகிற ஆய்வாளர் எதைத் தேடுவார் என்று நமக்குத் தெரியாது. மேலே சொன்ன நாயக்கின் பதிவை மூன்று நிமிஷமாக வெட்டியிருந்தால் முதலில் போயிருப்பது அந்தக் கைதான்.

இணையத்தில் போடும்போது டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை எண், ஆதார், வீட்டு விலாசம் எதுவும் படத்தில் தெரியக் கூடாது. பென்ஷன்காரர்களைக் குறிவைத்து ஏமாற்றும் கூட்டம் ஒன்று இருக்கிறது. முழுப் பதிவின் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்கு, அவர்கள் வீட்டு டிவியில் ஓடும் வடிவத்தில் கொடுங்கள், ஓடுகிறதா என்று போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள். சம்மதம் இருந்தால் அவரவர் ரெஜிமென்ட் மையத்துக்கும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்கும் எழுதிக் கேட்டுப் பாருங்கள். பட்டியலில் விட்டுப்போனவர்களைக் கண்டுபிடிக்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும், மாதம் ஒருமுறை மிலிட்டரி கேண்டீன் வாசலில் நிற்கும் வரிசையும் உதவும்.

பதினோரு பேரில் யாரிடம் முதலில் போவது என்பதை வயதை வைத்து முடிவு செய்யுங்கள், யார் நன்றாகப் பேசுவார் என்பதை வைத்து அல்ல. சீனப் போரில் இருந்தவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடியட்டும், மைக் வரட்டும், படிவம் அச்சாகட்டும் என்று அவரைக் கடைசியில் தள்ளாதீர்கள். இந்தச் சனிக்கிழமை காலை அவர் மாத்திரை போட்டு முடித்த பிறகு, இரண்டு பிள்ளைகளோடு போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினால் பார்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரலாம் என்று மட்டும் கேளுங்கள்.